வாடகையும் வராது, வீடும் வராது

புது தில்லி கன்னாட் சர்க்கஸில் சுமார் ஆயிரம் சதுர அடி கடை இடம் ஒன்று 1944ஆம் ஆண்டு வாடகைக்கு விடப்பட்டது. மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. நாடு சுதந்திரம் அடைந்தது, தில்லி பல மடங்கு பெருத்தது, சுற்றிலும் நிலத்தின் விலை விண்ணைத் தொட்டது. அந்த வாடகை மட்டும் அப்படியே நின்றது. உள்வாடகைக்கு விட்டுவிட்டார்கள் என்று உரிமையாளர் 1992இல் வழக்குப் போட்டார். காலி செய்யும்படி உத்தரவு வந்தது 2001இல்.

அதோடு முடியவில்லை. குடியிருந்த நிறுவனம் மேல்முறையீடு செய்து தடை வாங்கியது. ‘தடை வேண்டுமானால் மாதம் 15,000 ரூபாய் கட்டு’ என்றது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆத்மாராம் பிராப்பர்டீஸ் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. காலி செய்ய உத்தரவான பிறகு, பழைய வாடகையைக் கொடுத்துக்கொண்டே மேல்முறையீட்டில் காலத்தை ஓட்ட முடியாது என்பதை அது நிலைநாட்டியது.

அங்கே உரிமையாளர் ஒரு கம்பெனி. பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. மாம்பலத்திலோ மதுரை எல்லிஸ் நகரிலோ, பி.எஃப். பணத்தைப் போட்டு மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து, அந்த வாடகையில் மருந்துச் செலவைப் பார்க்கும் ஓய்வுபெற்றவருக்கு அது முடியுமா? வீட்டுக்காரர் என்றாலே பணக்காரர் என்ற எண்ணம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. வாடகை நின்றுபோனால் அடுத்த மாதமே கடன் வாங்கும் நிலையில் இருப்பவர்களும் வீட்டுக்காரர்கள்தான்.

சிக்கல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. முதலில் பத்தாம் தேதி வாடகை இருபதாம் தேதி ஆகும். பிறகு பாதி வரும். கேட்டால், “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்” என்பார்கள். பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும் இந்தப் பேச்சில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் கையில் இருக்கும் ஒரே பிடி அந்த முன்பணம்தான். அது கரையும்வரை பொறுத்திருந்துவிட்டு வக்கீலைத் தேடும்போது வாடகை பாக்கி, ஈபி பில், உடைந்த குழாய், கறைபட்ட சுவர் எதற்கும் ஈடு இருக்காது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இந்தப் பயத்தினால்தான் வேரூன்றியது. அதன் சுமை முழுவதும் ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பங்களின் தலையில் விழுகிறது.

இன்னொரு வகை மோசடி இதைவிடக் கொடியது. இடையில் ஒருவர் வந்து, கம்பெனி ஊழியர்களுக்கு வேண்டும் என்று சொல்லி வீட்டை மாத வாடகைக்கு எடுப்பார். அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விட்டுச் சில லட்சங்களை வாங்கிக்கொள்வார். உரிமையாளருக்குச் சில மாதம் வாடகை சரியாக வரும். பிறகு ஆளும் இருக்க மாட்டார், போனையும் எடுக்க மாட்டார். வீட்டுக்குள் இருப்பவர்களோ வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தப் பத்திரத்தோடு நிற்பார்கள். அவர்களைப் போகச் சொல்ல யாருக்கு மனம் வரும்? இரண்டு தரப்பும் ஏமாந்தவர்கள்.

போலீஸிடம் போனால் பெரும்பாலும் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்பார்கள். அந்த விரக்தியில்தான் சிலர் கரண்டை நிறுத்துகிறார்கள், மோட்டாரைப் போட மறுக்கிறார்கள், ஆள் இல்லாத நேரத்தில் பூட்டை மாற்றுகிறார்கள். இதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைத் தமிழகச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வர 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதுவரை நியாயம் தன் பக்கம் இருந்த வீட்டுக்காரர் அன்றோடு எதிர்மனுதாரராகிவிடுவார்.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்ற பயமும் பலரை வாட்டுகிறது. அப்படி ஆகாது. உரிமையாளரின் அனுமதியோடு, அவரை உரிமையாளராக ஏற்று வாடகைக்கு வந்தவர், அந்த இருப்பை வைத்தே எதிர்அனுபவ உரிமை கோர முடியாது. வாடகை ரசீதும் ஒப்பந்தமும் இருந்தால் அந்த வாதம் நிற்காது. எதுவுமே எழுத்தில் இல்லாதபோதுதான் அவர் என்ன உறவில் வீட்டில் இருக்கிறார் என்பதே வழக்காகிறது.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடப்பில் இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை கொடுக்கவில்லை என்று காட்டினால் மட்டும் அதில் போதாது. வேண்டுமென்றே கொடுக்கவில்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டும். அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் ஆர்.சி.ஓ.பி. எனப்படும் வாடகைக் கட்டுப்பாட்டு மனுக்கள் எத்தனையோ வாய்தா வாய்தாவாக ஓடின.

அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இரண்டு மாத பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வேண்டுமென்றே என்ற சொல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிறிய வீட்டுக்காரருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனாலும் பலர் பதிவு செய்யத் தயங்குகிறார்கள். முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதிப் பீரோவில் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் அது. புதிய சட்டத்தின் முன் பதினொரு மாதக் கணக்கு செல்லாது. வரி கூடிவிடும் என்ற கவலை இன்னொரு காரணம். மிச்சப்படுத்தும் வரியைவிட, பதிவெண் இல்லாமல் வழக்குக்கு அலையும் செலவு அதிகம்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வீட்டைப் பூட்டிப்போடுகிறவர்களும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரப் பகுதிகளில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. எல்லாமே இந்தப் பயத்தால் பூட்டியவை அல்ல. என்றாலும் 2021 ஜூனில் மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, பூட்டிய வீடுகளை வாடகைக்குத் திறப்பதையும் அதன் நோக்கமாக மத்திய அரசு சொன்னது. அந்தக் கதவுகள் திறக்க, வாடகை நீதிமன்றங்களில் மனுக்கள் மாதக் கணக்கில் முடிய வேண்டும். அதற்குத் தேவையான அதிகாரிகளையும் நீதிபதிகளையும் மாவட்டந்தோறும் நியமிப்பது அரசின் வேலை.