நண்டு உயிர்ச்சுவடுகளும் பண்டைய கடலும்

மாணவர்களே, உக்குவளை வயல் வரம்புகளில் நண்டு வளையைக் காணாதவர் உங்களில் எவரும் இருக்கமாட்டீர்கள். அந்த வளையை மனதில் வைத்துக்கொண்டு இப்பகுதியை வாசியுங்கள்.

நண்டு ஆத்திரோப்போடாக் கணத்தைச் சேர்ந்தது. அதன் ஓடு கைற்றினாலானது. கல்சியம் காபனேற்றுப் படிந்து வன்மையாகியது. எனினும் எல்லாப் பகுதியும் ஒரே அளவு வன்மையானதல்ல. இடுக்கிக் கால்களின் நுனியே மிக வன்மையானது. எனவேதான் பாறைகளில் பெரும்பாலும் இடுக்கித் துண்டுகள் மட்டும் கிடைக்கின்றன. மெல்லிய கால்கள் உட்பட முழு நண்டும் கிடைத்தால், அது அலையடிப்புக் குறைந்த நீரில் சேற்றினால் விரைவாக மூடப்பட்டது எனக் கருதலாம்.

இந்தியாவின் கச்சு, இன்று உப்புத்தரையும் வறண்ட நிலமும் கொண்ட பிரதேசம். அங்கும் சிந்துப் பகுதியிலும் பெறப்பட்ட நண்டுச் சுவடுகளை இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் ஸ்டொலிட்ஸ்கா 1871இல் விவரித்தார். அவற்றுள் ஒன்றான பலியோகார்பிலியஸ், இன்று முருகைக்கற் பாறைகளில் வாழும் கார்பிலியஸ் நண்டுகளுக்கு உறவுடையது. ஆகவே அங்கே ஆழம் குறைந்த வெப்பக் கடல் இருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு.

இங்கேதான் பலர் புள்ளியை இழக்கின்றனர். "நண்டுச் சுவடு கிடைத்தது, ஆகவே அது கடல்" என எழுதிவிடுவர். உங்கள் வயல் நண்டு கடலில் வாழ்கிறதா? இலங்கையில் நன்னீர் நண்டுகள் மட்டும் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. எனவே கூடவே கிடைக்கும் முருகைக்கல், சிப்பி, போராமினிபெரா ஆகியவற்றையும் சான்றாகக் காட்டுதல் வேண்டும். நீந்தும் நண்டாயின் துடுப்புப் போன்ற தட்டையான கடைசிக் காலும் சான்றாகும்.

அப்படியாயின் மாத்தளையில் தோண்டினால் கிடைக்குமா? கிடைக்காது. இங்குள்ள பளிங்குக்கல்லும் தொலமைற்றும் சுண்ணப் படிவுகளிலிருந்து தோன்றியவையே. ஆனால் அவை கடும் வெப்ப அமுக்கத்தால் உருமாறியவை. அவ்வுருமாற்றம் நிகழ்ந்தது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர். நண்டுகள் தோன்றியதோ சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே. இலங்கையில் கடல்வாழ் உயிர்ச்சுவடுகளைத் தேடுவோர் யாழ்ப்பாணம், புத்தளத்தின் அறுவாக்காடு, அம்பாந்தோட்டையின் மினிஹாகல்கந்த ஆகிய இடங்களின் மயோசீன் சுண்ணக்கற்படைகளுக்கே செல்வர்.