“அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா!”

அப்பா அடுத்த அறையில்தான் இருக்கிறார். மகன் கூப்பிட்டாலே காதில் விழும். ஆனாலும் சேதி அம்மா வழியாகத்தான் போகிறது. பதிலும் அவர் வழியாகத்தான் வருகிறது. பேச்சு நின்றுபோன வீடுகளில் நடுவில் ஒருவர் இப்படித்தான் தேய்ந்துகொண்டிருக்கிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் இதை ‘முக்கோணம்’ என்றார். இருவருக்குள் இறுக்கம் கூடினால், மூன்றாமவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். அப்போதைக்குச் சூடு தணிகிறது, சண்டை தீர்வதில்லை. குடும்ப சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான்.

யார் மேல் தப்பு?

பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்வியோடுதான் ஆலோசகரிடம் வருகின்றன. ஆலோசகர் பஞ்சாயத்துத் தலைவர் அல்ல. தீர்ப்புச் சொல்ல மாட்டார். சண்டை எப்படிச் சுற்றுகிறது என்றுதான் பார்ப்பார். மார்க் குறைந்ததற்கு அப்பா திட்டுகிறார். மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பாவின் குரல் ஏறுகிறது. அம்மா பிள்ளைக்குப் பரிந்து பேச, “நீ கொடுக்கிற செல்லம்தான்” என்று கோபம் அவர் பக்கம் திரும்புகிறது. மறுநாளும் இதே சுற்று. இதில் ஒருவர் தன் பங்கை மாற்றினாலும் சுற்று குலையும். அந்த ஒருவர் யார் என்று குடும்பமே கண்டுகொள்ள ஆலோசகர் உதவுகிறார்.

அதற்கென இத்தாலியின் மிலான் நகர மனநல மருத்துவர்கள் வகுத்த கேள்விமுறை ஒன்று உண்டு. “அப்பாவும் அண்ணனும் மோதிக்கொள்ளும்போது அம்மா என்ன செய்வார்?” என்று தங்கையிடம் கேட்பார்கள். அவள் சொல்லும் பதிலில், மற்ற மூவரும் தங்களை முதன்முறையாக வெளியிலிருந்து பார்க்கிறார்கள்.

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களையும் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சை அளித்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது நெடுநாள் வழக்கம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். அடி உதை நடக்கும் வீட்டில் அடிப்பவரையும் அடிபடுபவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது ஆபத்து. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மற்றவர்கள், விவகாரம் குடும்ப நீதிமன்றப் படியேறும்வரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எல்லோரும் சம்மதிக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் ஒருவர் முன்வந்தாலே தொடங்கிவிடலாம். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.