கணிப்பொறியில் மனு எழுதும் முறை

பட்டா மாறுதல், பயிர்ச்சேத நிவாரணம், கூட்டுறவுக் கடன் என விவசாயப் பெருமக்கள் பல மனுக்கள் எழுத வேண்டியுள்ளது. ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதாமல், கணிப்பொறியில் ஒருமுறை தட்டச்சு செய்து வைத்துக் கொள்ளலாம். இதற்கான லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

செய்முறை

1. புதிய கோப்பைத் திறந்து, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றவும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறை பழகுவதற்கு எளிது. யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்தவும். பழைய எழுத்துருவில் அடித்த மனு, வேறு கணிப்பொறியில் புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும்.

2. அனுப்புநர், பெறுநர், பொருள், கிராமம், பட்டா எண், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியில் அடிக்கவும்.

3. கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்திச் சேமிக்கவும். அடிக்கடி சேமித்தால், மின்சாரம் நின்றாலும் உழைப்பு வீணாகாது.

4. அடுத்த மனுவிற்கு இதே கோப்பைத் திறந்து, முதலில் வேறு பெயரில் சேமித்து, பிறகு திருத்தவும்.

எச்சரிக்கை

பழைய தேதியும் புல எண்ணும் திருத்தப்படாமல் நின்றுவிடுவது எளிதில் நேரும் பிழை. 112/2பி என்பது 112/2ஏ ஆகிவிட்டால், மனு அடுத்தவர் நிலத்தைக் குறித்ததாகிவிடும். அச்சிடுமுன் சிட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையொப்பமிட்ட மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.