கிட் கிதார்: வாங்குபவரின் உரிமையும் செய்பவரின் பொறுப்பும்

மர உடல், கழுத்து, கம்பியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பாலம் ஆகியவை தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் வர, வாங்கியவரே வண்ணம் பூசி இணைத்து முழுமையாக்கும் மின்கிதார், கிட் கிதார் எனப்படுகிறது. பெட்டி கைக்கு வரும் நாளில் அவர் நுகர்வோர். மரத்தில் துளையிட்ட பிறகு அக்கருவியைச் செய்தவரும் அவரே. சட்டம் எதுவரை துணைநிற்கும், பொறுப்பு எங்கே தொடங்கும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

உரிமைகள்

இந்தியாவில் இணையவழி வாங்கிய உறுப்புகள் பழுதுபட்டோ விளம்பரத்துக்கு மாறாகவோ வந்தால், அவற்றைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். எனினும் பூச்சேறிய உறுப்பில் குறை முன்பே இருந்ததென நிறுவுவது கடினம். தீங்கு நேரும்போது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்பனையாளர்மீது பொருள் பொறுப்பு வழக்குத் (பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கோரும் வழக்கு) தொடர முடியாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 87ஆம் பிரிவும் கூறுகிறது. ஆகவே பெட்டியைத் திறக்கும்போதே படமெடுத்து, பசையும் பூச்சுமின்றி எல்லா உறுப்புகளையும் ஒருமுறை பொருத்தி, கழுத்து கோணலின்றி இருக்கிறதா என்றும், 648 மி.மீ. கம்பிநீளம் கொண்ட கிதாரில் 12ஆவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) தலைப்புற நட்டிலிருந்து 324 மி.மீ. தொலைவில் அமைகிறதா என்றும் அளந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆபத்துகள்

இரைச்சலைக் குறைப்பதற்காகக் கம்பிகள் பாலத்தின் வழியே ஆம்ப்ளிஃபயரின் எர்த்துடன் இணைக்கப்படுவதால், ஆம்ப்ளிஃபயரில் மின்கசிவும் எர்த் குறைபாடும் சேரும்போது வாசிப்பவரின் விரலுக்கே மின்சாரம் வந்துவிடும். யார்ட்பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டில் மின்கிதார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கியே இறந்தார். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்காதிருப்பதும், கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை வீட்டில் பொருத்துவதும் இதற்கான காப்பு. கிதாரைக் கட்டும் வேலையிலும் ஆபத்துண்டு: மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, மின்கம்பிகளை இணைக்க உருக்கும் ஈயம் கலந்த சால்டர் கைவழியே வாய்க்குள் செல்லக்கூடியது, இருகூறு பாலியூரித்தேன் பூச்சின் ஐசோசயனேட் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. ஆதலால் தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் வேலைக்குப் பின் கைகழுவுதலும் தவிர்க்க இயலாதவை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும் என்பதால், அதை விரித்து உலர்த்த வேண்டும்.

தீர்வுகள்

குறை தென்பட்டால் முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்வளிக்கக் கடமைப்பட்டவர். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்கும் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் கிதாரை விற்கும்போது, செய்தவர் என்ற பொறுப்பு முழுமையாக வெளிப்படுகிறது. புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தை ஒட்டி விற்பது வணிகக்குறிச் சட்டம், 1999இன்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ரசீதையும் மின்னிணைப்பு வரைபடத்தையும் பூச்சின் விவரத்தையும் சேர்த்து, இது கிட்டிலிருந்து கட்டப்பட்டதென்று சொல்லி ஒப்படைப்பதே அடுத்து வாசிப்பவருக்குச் செய்யும் நேர்மை.