கைக்குள் ஊர் - 7: இது எந்த மாசத்துப் படம்?

கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்குப் போகும் நாற்கரச் சாலையில் சிறிது தூரம் தெற்கே போனால் இடைசெவல். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர். கணினித் திரையில் இந்த ஊரின் வரைபடம் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வந்து ஒட்டிக்கொள்ளும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே படத்தைக் கைபேசியில் திறந்து ஒரு சம்சாரியிடம் நீட்டினேன். ஊர், சாலை, கண்மாய் எல்லாம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டன. தன் புஞ்சைக்குப் போகிற வண்டிப்பாதையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

“தம்பி, இது எந்த மாசத்துப் படம்?”

“எல்லா மாசத்துக்கும் இதுதான் அண்ணாச்சி.”

“அதெப்படி? ஐப்பசியில இதுல கால வச்சா முழங்கால் வரைக்கும்லா உள்ள போவும்!”

கரிசல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரிசலில் உள்ள களி, நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும்படி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே நிலம், வடகிழக்குப் பருவமழை விழுந்ததும் பசையாக மாறிக் காலையும் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். கண்மாயும் அப்படித்தான். மழைக்காலத்தில் நீர்; முதுவேனிலில் ஆடு மேயும் தரை. படத்திலோ ஆண்டு முழுவதும் ஒரே நீலம்.

இணைய வரைபடத்தில் தானாக வருகிற பொத்தான்கள் இரண்டு. பெரிதாக்க ஒரு கூட்டல் குறி, சிறிதாக்க ஒரு கழித்தல் குறி. எங்கே என்று கேட்கலாம், எவ்வளவு கிட்டத்தில் என்று கேட்கலாம். எப்போது என்று கேட்க வழியில்லை. அந்த வழியை நாமே செய்து ஒட்டவேண்டும்.

ஒட்டுவது கடினமில்லை. உக்ரைனைச் சேர்ந்த வொலொதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. சுருக்கி அனுப்பினால் ஐம்பது கிலோபைட்டுக்குள் அடங்கும். சிக்னல் மெலிந்த காட்டிலும் இறங்கிவிடும். அதில் ‘கண்ட்ரோல்’ என்றால் படத்தின் மேல் மிதக்கும் ஒரு சிறு பெட்டி. படம் நகர்ந்தாலும் பெட்டி நகராது. ‘ஆன்ஆட்’ என்றொரு செயற்கூறு எழுதி, அதற்குள் அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தால் போதும். நான்கு மூலைகளில் நாம் சொல்லும் மூலையில் லீஃப்லெட் அதை வைத்துவிடும். மேல் இடது மூலையில் ஏற்கெனவே கூட்டலும் கழித்தலும் இருக்கின்றன. கீழ் வலதில், தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பினுடையது (ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடம் அது) என்ற நன்றி வரி. அந்த வரி உரிம நிபந்தனை, மறைக்கக்கூடாது. நான் கீழ் இடது மூலையை எடுத்துக்கொண்டு, சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு ஸ்லைடரை வைத்தேன்.

முதல் நாள் அது என்னைப் படாதபாடு படுத்தியது. ஸ்லைடரை இழுத்தால் மாதம் மாறவேண்டும். மாதமும் மாறியது, கூடவே இடைசெவலும் நகர்ந்து திரையை விட்டே போய்விட்டது. காரணம் இதுதான்: பெட்டியின் மேல் விழும் தொடுகை அதோடு நிற்காது. கூரையில் விழுந்த மழை ஓட்டை வழியே தரைக்கு ஒழுகுவதுபோல், அடியில் இருக்கும் படத்துக்கும் இறங்கிவிடும். படமோ தன்னைத்தான் இழுக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளும். இந்த ஒழுகலை அடைக்க லீஃப்லெட்டே ‘டிசேபிள் கிளிக் ப்ராபகேஷன்’ என்று ஒரு வரி தந்திருக்கிறது. சொந்தமாகப் பொத்தான் செய்கிறவர்கள் முதலில் எழுதவேண்டிய வரி அது.

அடுத்தது விரல். லீஃப்லெட்டின் பொத்தான் தொடுதிரையில் 30 பிக்சல் அகலம். களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கட்டைவிரலுக்கு அது போதவே போதாது. 44 பிக்சல் வேண்டும் என்பது பார்வைக் குறைபாடும் கை நடுக்கமும் உள்ளவர்களை மனத்தில் கொண்டு வகுத்த அணுகல் நெறி. காட்டு வேலைக்காரருக்கும் அது பொருந்துகிறது. உச்சி வெயிலில் சாம்பல் எழுத்து தெரியாது என்பதால் வெள்ளையில் கறுப்பாகவே எழுதினேன். ‘நீர்நிலை’ என்று முதலில் போட்டதை அடித்துவிட்டுக் ‘கண்மாய்’ என்றும், ‘வேளாண் நிலம்’ என்பதைப் ‘புஞ்சை’ என்றும் மாற்றினேன். கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியே செய்த கி.ரா. பிறந்த ஊரின் படத்தில் அலுவலகத் தமிழ் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பொத்தான் ஆயிற்று, பின்னால் தரவு வேண்டுமே? ஆண்டில் சில மாதமே நீர் நிற்கும் இடத்தை அப்படியே குறிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘இன்டர்மிட்டன்ட்’ என்ற குறிச்சொல் உண்டு. ஆனால் எந்த வண்டிப்பாதை எந்த மாதம் முறியும் என்பதை வானத்திலிருந்து எடுத்த படம் சொல்லாது, நடந்தவர்தான் சொல்லவேண்டும். அவர்கள் சொல்லும் வழியையும் படத்திலேயே வைக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது ஆர்வலர்கள் அதைத்தான் செய்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் ஒரு வரைபடம் அமைத்தார்கள். உங்கள் தெருவைத் தொட்டால் ‘நீர் சூழ்ந்த தெரு’ என்று பதிவாகிவிடும். இக்கட்டான நாட்களில் ஒரு நகரம் தன் கோலத்தைத் தானே வரைந்துகொண்டதை இப்போது நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

அதே ஏற்பாட்டை என் ஸ்லைடருக்குப் பக்கத்திலும் வைத்தேன். மாதத்தைத் தேர்ந்து, பாதையைத் தொட்டால், அந்த மாதத்துக்கு அது சிவப்புப் புள்ளிக்கோடாகும். மறுபடி இடைசெவலுக்குப் போய் அதே அண்ணாச்சியிடம் நீட்டினேன். ஸ்லைடரை ஐப்பசிக்கு இழுத்தார், தன் பாதையைத் தொட்டார். சிவந்தது. கார்த்திகைக்கும் அப்படியே செய்தார். பக்கத்துப் பாதைக்குப் போன விரல் பாதியில் நின்றது.

“இது முழுசும் போவாது தம்பி. ஓடை குறுக்க வருத எடம் மட்டுந்தான் போவும். இங்கன உக்காந்து தொட்டா தப்பாயிரும். மழை விழட்டும், வாங்க. நடந்தே காட்டுதேன்.”

(தொடரும்)