சந்தாவோடு வரும் கேம்: பட்டாவா, குத்தகையா?

“அமேசான்ல வருஷக் காசு கட்டிட்டா கம்ப்யூட்டர் கேமெல்லாம் சும்மா குடுக்குறானாம், பையன் சொல்றான். சும்மா எவன் தம்பி குடுப்பான்?”

பாகூர் கடைத்தெரு டீக்கடையில் ஓர் அண்ணன் இப்படிக் கேட்டார். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். பையன் பிளஸ் டூ. கேம் என்றதும் ரம்மியில் பணம் விட்டவர்களின் கதைதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பயத்தை முதலில் பிரித்து வைத்துவிட வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பையன் சொல்லும் கேமில் பந்தயம் கிடையாது, ஜெயித்தால் காசும் கிடையாது. சினிமா பார்ப்பது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. ஆனால் “சும்மா எவன் குடுப்பான்” என்று அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு ஒரு நீதிமன்றத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது.

எபிக் என்ற அமெரிக்க கேம் கம்பெனி 2018 டிசம்பரில் இணையக் கடை திறந்தது. சந்தாகூட வேண்டாம், அக்கவுண்ட் தொடங்கினால் போதும், கேம் இலவசம் என்றது. 2021இல் ஆப்பிளுடன் அது நடத்திய வழக்கில் உள்கணக்கு வெளியே வந்தது. முதல் ஒன்பது மாதத்தில் இலவச கேம்களுக்காக அவற்றை உருவாக்கியவர்களுக்கு எபிக் கொடுத்தது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். அதனால் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 49 லட்சம் பேர். ஓர் ஆளைக் கடைக்குள் கூட்டிவர இரண்டரை டாலர்கூட ஆகவில்லை. விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதைவிட அவர்களுக்கு இது மலிவு. ஆகவே கேமுக்கான காசை யாரோ கட்டிவிட்டார்கள், நம் பையன் கட்டவில்லை, அவ்வளவுதான்.

அமேசான் கதையும் அதே வழிதான். 1,499 ரூபாய் கட்டி பிரைம் எடுப்பவர் மறுவருஷமும் விடாமல் கட்ட வேண்டும். அதற்காகப் படம், பாட்டு, சீக்கிரம் வரும் பார்சல், கூடவே கேம். பிரைம் கேமிங் என்ற பெயரில் அது இந்தியாவுக்கு 2022 டிசம்பரில் வந்தது.

சரி, இலவசம் என்பது புரிந்தது. கிடைத்த கேம் யாருடையது? அண்ணன் காணி வைத்திருப்பவர், அவருக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. சில கேம் பட்டா மாதிரி, சில கேம் குத்தகை மாதிரி.

எபிக் கொடுப்பதும், பிரைம் உறுப்பினர் அந்தந்த மாதத்துக்குள் எடுத்துக்கொள்வதும் பட்டா வகை. பிரைமை அடுத்த வருஷம் விட்டுவிட்டாலும் எடுத்த கேம் அக்கவுண்டில் இருக்கும். ஆனால் எடுத்திருக்க வேண்டும். தவணை தாண்டினால் போச்சு. பிரைம் வழியாக ஜிஓஜி என்ற கடையின் கேம் சில கிடைக்கும். அவை இன்னும் மேல். இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால் நெட் இல்லாத வீட்டிலும் ஓடும்.

பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் மாதாமாதம் தரும் கேம் அப்படியில்லை. சந்தா நின்றால் பூட்டு விழும், மறுபடி கட்டினால் திறக்கும். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் முழுக் குத்தகை. நூற்றுக்கணக்கான கேம் இருக்கும், சில உள்ளே வரும், சில வெளியே போகும். பாதி ஆடிக்கொண்டிருக்கும்போதே போய்விடலாம். குத்தகைத் தொகையும் நம் கையில் இல்லை. 2025 அக்டோபரில் அதன் உயர்ந்த திட்டம் அமெரிக்காவில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்கு ஒரே தாவலில் ஏறியது. செல்போனில் நெட்ஃபிளிக்ஸ் கேமும் இந்த வகைதான். பழைய ஜிடிஏ கேம் மூன்றை 2023 டிசம்பரில் கொண்டுவந்தார்கள், அடுத்த டிசம்பரிலேயே இரண்டைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கியதாவது உறுதியா என்றால், அதையும் சொல்லிவிட வேண்டும். யூபிசாஃப்ட் கம்பெனி ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரியில் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது: வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான் என்றால், கடை அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் இப்படி ஒன்று தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு சொன்னதும் சந்தாவே ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. ‘வெண்பா’ என்றொரு கேம். டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை. சுடுவதும் துரத்துவதும் இல்லை. வெண்பாவின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து ஆடுகிறவர் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரை ஏறும் என்று யோசித்து அடுக்க வேண்டும், தப்பினால் மாவு வேகாது. நம் வீட்டு அடுப்படியில் அம்மாக்கள் யோசிக்காமல் செய்கிற காரியம், உலகம் முழுக்க ஆடுகிற புதிராகிவிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்று அது தேர்வானது.

அந்த வெண்பா வெளிவந்த அன்றே கேம் பாஸிலும் இருந்தது. இட்லி என்றால் என்னவென்றே தெரியாதவரும், கூடுதலாக ஒரு காசு கொடுக்காமல், என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்திருக்க முடியும். சின்னக் குழுவுக்கு இது பெரிய வாசல். சந்தாக் கம்பெனி முன்பணம் கொடுத்தால் கேம் ஓடாமல் போய்விடுமோ என்ற பயமும் குறையும். மறுபக்கமும் உண்டு. கேம் பாஸில் சேர்ந்த பிறகு ஒரு கேமின் தனி விற்பனை குறைகிறது என்று மைக்ரோசாஃப்டே பிரிட்டனின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பிடம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கேம் என்றாலே இலவசம் என்று பழகிவிட்ட பிள்ளை, நாளைக்கு ஒரு தமிழ்க் குழு நல்ல கேம் செய்தால் விலை கொடுத்து வாங்குமா? இந்தக் கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

நம் கிராமங்களில் இலவச கேமுக்கும் ஒரு விலை இருக்கிறது. பெரிய கேம் ஒன்று 100 ஜிபிகூட இருக்கும். நாளுக்கு 2 ஜிபி செல்போன் டேட்டாவை வேறு எதற்கும் தொடாமல் போட்டாலும் இறக்கி முடிக்க 50 நாள். வீட்டுக்கு ஃபைபர் இழுத்திருந்தால்தான் அதை நினைக்கலாம். லேப்டாப்பும் தாங்க வேண்டும். சாதாரண லேப்டாப்பில் பழைய கேம், சின்ன கேம் நன்றாக ஓடும், புதியது முக்கும். பையன் எடுத்து வைக்கும் முன் எத்தனை ஜிபி, என்ன கிராஃபிக்ஸ் கேட்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்து அண்ணன் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம்: ஆட்டோபே. முதல் மாதம் சும்மா, இல்லை ஐம்பது ரூபாய் என்று சேர்க்கும்போதே யுபிஐ அனுமதி வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து முழுத்தொகை தானாகப் போகும். 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் விளம்பரத்துக்கும் லாட்டரி மோசடிக்கும் நடுவில் அந்த எஸ்எம்எஸ்ஸும் வரும், நாம் படிப்பதில்லை. சேர்வது சுலபம், விலகுவது சுற்றிவளைத்து என்று வைத்திருந்தால், அதைச் சந்தாப் பொறி என்று 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அண்ணனிடம் நான் சொன்ன முடிவு இதுதான். பார்சலுக்கோ படத்துக்கோ ஏற்கெனவே சந்தா கட்டியிருந்தால், கூட வரும் கேமைப் பையன் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். பட்டா வகையை முதலில் எடுக்கட்டும். கேமுக்காக மட்டும் புதுச் சந்தா வேண்டாம். அந்தக் காசில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு நல்ல கேமைத் தள்ளுபடியில் சொந்தமாக வாங்கிக் கொடுங்கள், செய்தவருக்கும் போய்ச் சேரும். இன்று ராத்திரியே பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். வேண்டாதது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.