அனர்த்த முகாமைத்துவம்: எம்மவர் கவனிக்க வேண்டிய உயர்கல்வி

மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகியவற்றைத் தாண்டி எமது பிள்ளைகளின் உயர்கல்வி பற்றி நாம் சிந்திப்பது அரிது. அனர்த்த முகாமைத்துவம் என்றொரு துறை உண்டென்பதும், ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அதனை முதுமாணிப் பட்டத்துக்குப் பயிலலாம் என்பதும் எம்மிற் பலர் அறியாதவை.

இத்துறையின் தொடக்கம் கனடிய மண்ணோடு தொடர்புடையது. 1917 டிசம்பர் 6ஆம் திகதி, ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிவந்த பிரெஞ்சுக் கப்பலொன்று நோர்வேக் கப்பலுடன் மோதித் தீப்பற்றி வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். அந்நகரில் மதகுருவாக இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ், பேரழிவின் பின் சமூகம் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து, 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கலாநிதிப் பட்ட ஆய்வாக வெளியிட்டார். அனர்த்தம் பற்றிய சமூகவியல் ஆய்வுகளுக்கு அதுவே முன்னோடி.

பாதிப்பைத் தணித்தல், ஆயத்தம், உடனடி நடவடிக்கை, மீட்சி என்னும் நான்கு கட்டங்களை இக்கல்வி விரிவாக ஆராய்கிறது. தீயணைப்பு வண்டியும் மருத்துவமனையும் மட்டும் மக்களைக் காப்பதில்லை என்பது அதன் அடிப்படைப் பாடம். 2021 கோடையில் பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தாக்கிய வெப்ப அலையில் 619 பேர் உயிரிழந்ததாக மாகாண மரண விசாரணைப் பிரிவு கணக்கிட்டது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் எழுபது வயதைக் கடந்தோர். பாதிக்கு மேற்பட்டோர் தனித்து வாழ்ந்தோர். கதவைத் தட்டி நலம் விசாரிக்க ஒருவர் இருந்திருப்பின் சிலரேனும் பிழைத்திருக்கக் கூடும்.

அமெரிக்க ஆய்வாளர் டானியல் ஆல்ட்ரிச், 2004 ஆழிப்பேரலையின் பின் தமிழகக் கரையோரக் கிராமங்களை ஆராய்ந்தார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் வெளித்தொடர்பும் கொண்ட கிராமங்கள் உதவியை விரைவாகப் பெற்றன. ஆயினும் அதே பஞ்சாயத்துகள் தலித் மக்களையும் பெண்களையும் உதவிப் பட்டியலிலிருந்து விலக்கியமையையும் அவர் கண்டார். ஒற்றுமை காக்கவும் செய்யும், ஒதுக்கவும் செய்யும்.

இப்பாடம் எமக்கும் உரியது. தாயகத்தில் இடர் நேர்ந்தால் எமது ஊர்ச் சங்கங்களும் ஆலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உடனே நிதி சேர்க்கின்றன. ஆனால், இதே நகரின் அடுக்குமாடியில் ஆங்கிலம் அறியாது தனித்திருக்கும் முதியவரின் பெயர் எச்சங்கத்தின் பட்டியலில் உள்ளது? வதிவிட உரிமை கிட்டாது, எந்தச் சங்கத்திலும் சேராதிருக்கும் அகதியைத் தேடிச் செல்பவர் யார்? மின்சாரம் தடைப்படும் ஓர் இரவில் இக்கேள்விகள் உயிர் பற்றியவையாகிவிடும்.

இடம்பெயர்ந்து, முகாமில் வாழ்ந்து, பங்கீட்டு வரிசையில் நின்ற பட்டறிவு எம்மிற் பலருக்கு உண்டு. அதனைக் கல்வியோடு இணைக்கும் இளையோர் நகரசபைகளிலும் மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் பணியாற்றலாம். எம்மவரின் தேவையை அங்கு எடுத்துரைக்கலாம். பெற்றோர் இத்துறையையும் தம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வாராக. சங்கங்களோ அப்பட்டதாரிகளுக்காகக் காத்திராது, தனித்து வாழ்வோரின் பட்டியலை இம்மாதமே தயாரிக்கத் தொடங்கலாம்.